மாணவர்களிடம் சீண்டல் பற்றிக் கேட்கும் கேள்வித்தாள்: நான் தயாரித்த விதம்

"உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் எழுதும். எம்.எட். ஆய்வுக்காக ஓர் அரசுப் பள்ளியில் கேள்வித்தாள் தயாரித்தபோது, அந்த "இல்லை"யைக் கடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நார்வேயில் உளவியலாளர் டான் ஓல்வியஸ் உருவாக்கிய கேள்வித்தாளை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டேன். அதில் எத்தனை முறை சீண்டப்பட்டாய் என்ற கேள்விகளுக்கு "அடிக்கடி", "எப்போதாவது" போன்ற விடைகள் இல்லை. ஓரிரு முறை, மாதம் இரண்டு மூன்று முறை, வாரம் ஒரு முறை என்று எண்ணிச் சொல்லும்படி இருக்கும். "கடந்த இரண்டு மாதங்களில்" என்பதை மட்டும் நான் "காலாண்டு விடுமுறைக்குப் பிறகு" என்று மாற்றினேன். பிள்ளைகளின் காலக்கணக்கு தேர்வையும் விடுமுறையையும் ஒட்டியது.

பிறகு செயல்களைத் தனித்தனியாகக் கேட்டேன்: பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, நோட்டைக் கிழிப்பது, படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுக் கேலி செய்வது. எங்கே நடந்தது என்பதற்குப் பல விடைகளைக் குறிக்கலாம்: கழிப்பறை, சத்துணவு வரிசை, பஸ் நிறுத்தம், ஆசிரியர் வராத வகுப்பறை. முதலில் "பார்த்தாயா?", அடுத்து "உனக்கு நடந்ததா?", கடைசியில் "நீ செய்ததுண்டா?" என்று வரிசைப்படுத்தினேன். பார்த்ததைச் சொல்லத் தயங்காத பிள்ளைக்கு அடுத்த கேள்வி அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

"இல்லை என்றால் பத்தாம் கேள்விக்குச் செல்க" என்ற வகைக் கேள்வியை அடியோடு விலக்கினேன். பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பாதிக்கப்பட்ட பிள்ளை மட்டும் நெடுநேரம் எழுதிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் இருப்பவன் கவனித்துவிடுவான். சீண்டுபவனே அவனாகவும் இருக்கலாம். அதனால் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் கேள்விகள், எல்லாவற்றுக்கும் விடை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தனக்கு நேர்ந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. "யாரிடம் சொன்னாய்?" என்ற கேள்வியை எழுதும்போதெல்லாம் அதுவே நினைவுக்கு வந்தது. அதனால் "யாரிடமும் சொல்லவில்லை" என்பதை முதல் விடையாக வைத்து, காரணங்களில் "சொன்னால் இன்னும் அதிகமாகும் என்று பயந்தேன்" என்பதையும் சேர்த்தேன். மாணவரின் சாதியைக் கேட்கவில்லை; சிறிய வகுப்பில் அந்த ஒரு விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "சாதியைச் சொல்லிப் பேசினார்களா?" என்று மட்டும் கேட்டேன்.

கடைசிக் கேள்விக்குச் சொந்த வார்த்தைகளில் எழுதலாம். அந்தத் தாள்களை ஆசிரியர்கள் பார்க்கக் கேட்டார்கள். கையெழுத்தை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதால் தட்டச்சு செய்த பிரதியைத்தான் கொடுத்தேன். பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை உதவி கேட்டால் எப்படிப் போய்ச் சேர்வது? அதற்காகத் தனிச் சீட்டு ஒன்றை வைத்தேன். ஒரு பக்கம் குழந்தைகள் உதவி எண் 1098, மறுபக்கம் "பேச விரும்பினால் பெயர் எழுது". எழுதினாலும் எழுதாவிட்டாலும் எல்லாரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுதியிருந்தவர்களிடம் பள்ளி ஆலோசகர் தனித்தனியாகப் பேசினார்.