உலோகம் பாலிமரைத் தொடும் இடம்: வைவாவுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) மின்சாரம் கடத்தும் பாலிமர்களில் முதுகலை ஆய்வு செய்தபோது நான் படித்த முறையை, வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் உங்களுக்காக எழுதுகிறேன்.

1977இல் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரை நன்றாக மின்சாரம் கடத்த வைத்த கண்டுபிடிப்பு, 2000இல் அதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா மூவருக்கும் நோபல். இந்த வரலாற்றை ஒரு மாலையில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் எல்லோரும் ஆற்றல் மட்டப் படத்துக்குப் போவார்கள். தங்கத்தின் வொர்க் ஃபங்ஷன் (உலோகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 5.1 எலெக்ட்ரான் வோல்ட், அலுமினியத்துக்கு 4.3, கால்சியத்துக்கு 2.9. சரி, இது வேண்டும்தான். ஆனால் ஒன்றையொன்று தொட்ட பிறகும் இரண்டு பொருளும் மாறாமல் இருப்பதாக அந்தப் படம் வைத்துக்கொள்கிறது. தொட்ட இடத்தில் நடப்பது வேதியியல். அலுமினிய ஆவி பாலிதயோஃபீன் என்ற கடத்தும் பாலிமர்மேல் படியும்போது, வளையத்தில் கந்தகத்தை ஒட்டிய கார்பனோடு பிணைந்துகொள்ளும். அங்கே இரட்டைப் பிணைப்புத் தொடர் அறுபடும். சோடியம் அப்படியல்ல. எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அயனியாக நிற்கும். பாலிமர் சங்கிலி அறுபடாமல் டோப் ஆகும், அதாவது அந்த எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெறும். தங்கம் பெரும்பாலும் வினைபுரியாமல் கொத்துக்கொத்தாகச் சேரும். இந்த மூன்றையும் பார்க்காமல் வரைந்து பழகுங்கள்.

எது எதன்மேல் படிந்தது என்பதை மறக்கவே கூடாது. என் கணிப்பில் தேர்வாளருக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆவியாக வருபவை தனித்தனி அணுக்கள். வினைபுரியும், படலத்துக்குள்ளும் இறங்கும். அதையே திருப்பி, அலுமினியத் தகட்டில் பாலிமர் கரைசலைச் சுழற்றிப் பூசினால், பாலிமர் சந்திப்பது அலுமினியத்தை அல்ல, அதன்மேல் ஏற்கெனவே படர்ந்திருக்கும் ஆக்ஸைடை. அதே ஜோடி, வேறு இடைமுகம் (இரண்டும் தொடும் எல்லை).

பெடாட் பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர்க் கலவையை வைத்து வேலை செய்பவர்கள் பினாங்கின் ஈரக்காற்றையும் கணக்கில் எடுங்கள். அந்தக் கலவை ஈரத்தை உறிஞ்சும், அமிலத்தன்மை உள்ளது, ஐடிஓ என்ற இண்டியம் டின் ஆக்ஸைடு மின்முனையை அரித்து இண்டியத்தைப் படலத்துக்குள் வரவழைக்கும். மாதிரி எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று லாப் நோட்டில் குறித்திருந்தால் வைவாவில் தைரியமாகப் பேசலாம்.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலெக்ட்ரான்களை அளக்கும் முறை) பார்ப்பது மேலே உள்ள 5 முதல் 10 நானோமீட்டரைத்தான். உலோகத்தைத் தடிமனாகப் பூசிவிட்டால் இடைமுகம் மறைந்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைத்து, ஒவ்வொரு படியிலும் அளக்கிறார்கள். பாலிஅனிலின் என்ற கடத்தும் பாலிமரின் எக்ஸ்பிஎஸ் படத்தில் வரும் நைட்ரஜன் சிகரங்களைப் பழக, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இ. டி. காங், கே. ஜி. நியோ குழுவின் கட்டுரைகளை எடுங்கள். இமின் (இரட்டைப் பிணைப்புள்ள நைட்ரஜன்) 398 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே, அமின் (ஒற்றைப் பிணைப்புள்ளது) 399.4 அருகில், மின்னேற்றம் பெற்ற நைட்ரஜன் அதற்கும் மேலே வரும். படத்தின் கீழுள்ள விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு எந்தச் சிகரம் எது என்று நீங்களே சொல்லுங்கள், பிறகு கையை எடுத்துச் சரிபாருங்கள்.