40ஆம் நாளும் 42ஆம் நாளும்

வளைகுடா நாடொன்றின் பிரசவ அறையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய எனக்கு, இன்றும் நினைவைவிட்டு அகலாதது ஒரு சூடானியப் பெண்ணின் தலைப்பிரசவம். கர்ப்பப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கக் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். ஒரு விரலைக்கூட நுழைக்க முடியவில்லை. சிறுவயதில் பிறப்புறுப்பை வெட்டித் தைத்த இடம் மூடி வளர்ந்து, சிறுநீரும் மாதவிலக்கும் கசிவதற்கு ஒரு சின்னத் துளை மாத்திரம் மிஞ்சியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகை என்று குறிப்பிடும் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு அது.

அவளுடைய கிளினிக் கொப்பியில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதுதான். மாதாமாதம் எடை பார்த்தவர்கள், இரத்த அழுத்தம் பார்த்தவர்கள் எவரேனும் கேட்டிருந்தால், கர்ப்பகாலத்திலேயே நிதானமாகத் திறந்திருக்கலாம். நாங்களோ வலியின் நடுவில், தழும்புக்கு அடியில் விரலை வைத்துக் குழந்தையின் தலையைக் காத்தபடி, மரக்க ஊசி போட்டு, நடுக்கோட்டில் மேல்நோக்கி, சிறுநீர்த் துவாரம் தெரியும்வரை வெட்டினோம். பிறகு இரு விளிம்புகளையும் தனித்தனியே தைத்தோம். மறுநாள் காலை கழிவறைக்குப் போனவள், சிறுநீர் போகும் வேகத்துக்கும் சத்தத்துக்கும் பயந்து அழுதுகொண்டு வந்தாள். அதை முன்கூட்டியே சொல்லிவைக்கத் தவறியது என் பிழை.

ஆறு ஆபிரிக்க நாடுகளில் 28,000க்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, மூன்றாம் வகைக்கு உட்பட்டவர்களுக்கு, வெட்டப்படாதவர்களைவிடச் சிசேரியன் ஏறத்தாழ 30 சதவீதமும், பிரசவத்துக்குப் பிந்திய கடும் இரத்தப்போக்கு ஏறத்தாழ 70 சதவீதமும் கூடுதலாக நேர்வதைக் காட்டியது.

கொழும்பில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாகப் பயிலும் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "அக்கா, இஞ்ச அப்படியெல்லாம் இல்லைத்தானே?" என்றாள். தைத்து மூடும் வழக்கம் இங்கு இல்லைதான். ஆனால் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், குழந்தை பிறந்து 40ஆம் நாளை ஒட்டி, ஒஸ்தா மாமி என்று அழைக்கப்படும் பெண் வந்து, பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் வெட்டும் கத்னாவைச் செய்யும் வழக்கம் உண்டு. அது பெரும்பாலும் பிரசவ வழியை மறிப்பதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து பிள்ளை பெற வரும்போது, தனக்கு நடந்தது அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனாலேயே பிரசவ அறையில் எவரும் இதைப் பேசுவதில்லை. மருத்துவர்கள் இதனைச் செய்யலாகாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விடுத்தது. ஒஸ்தா மாமி சுற்றறிக்கை வாசிப்பவர் அல்லர்.

எங்கள் மருத்துவமாதுகள் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பலமுறை போகிறார்கள். கடைசி வருகை 42ஆம் நாளை ஒட்டியது, அதாவது காரியம் முடிந்த பிறகு. ஆகவே மூன்றாம் வாரத்திலேயே பேசிவிடு என்றேன். எப்படிக் கேட்பது என்று தயங்கினாள். "வெட்டப்போறீங்களா எண்டு கேளாதை, பிள்ளை. தொப்புளைப் பார்த்து, பால் குடிக்கிறதைப் பார்த்து, எழும்புற நேரம் அந்த வீட்டுப் பெரியவவிட்ட, 'நாற்பதுக்கு என்னென்ன செய்யப்போறீங்க, உம்மா?' எண்டு கேள். கேட்டுப்போட்டுப் பேசாமல் இரு."