அஞ்சறை

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். டீலர்களிடமிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பிரித்துப் பார்த்தால், மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டையும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரையும் பிணைக்கும் கீ இல்லை. விரல் நுனியில் அடங்கிவிடும் இரும்புத் துண்டு அது. அது இல்லாமலே நட்டின் இறுக்கத்தில் டெஸ்டிங்கில் பம்பு ஓடிவிடும். வாங்கியவர் வீட்டில் சில நாள் கழித்துத்தான் இம்பெல்லர் நழுவும்.

மூன்று மீட்டிங் போட்டோம். கேமரா வைக்கலாம் என்றார் ஒருவர், கூடுதலாக ஒரு செக்கர் போடலாம் என்றார் இன்னொருவர். நான் என் பங்குக்கு, பம்பு கோக்கும் பெண்களுக்கு ‘கவனக்குறைவு’ என்று மெமோ எழுதினேன். அந்தச் சொல்லை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அப்புறம் ஒருநாள் காலை, லைன் ஓரமாகச் சும்மா நின்றேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, கை போனைத் தேடியது. அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் நின்றபிறகுதான் கண் திறந்தது. எண்ணெய் பிசுபிசுக்கும் டப்பாவில் கீகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒன்றைத் திரும்பப் போடும் நேரத்தில் டிராலி வருகிறது, பம்பு கோக்கும் அக்கா திரும்பிப் பார்க்கிறார். மறுபடி வேலைக்கு வரும்போது கை நேராக இம்பெல்லருக்குப் போகிறது. டப்பா எப்போதும் நிறைந்தே இருப்பதால், இந்தப் பம்புக்குக் கீ எடுத்தோமா இல்லையா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும்தான்.

அவரிடமே கேட்டேன். “தாளிக்கறப்ப கடுகு, உளுந்து, மொளகா எல்லாத்தையும் மொதல்லயே தட்டுல எடுத்து வெச்சுக்குவேனுங்க தம்பி. தட்டுல மிச்சம் இருந்தா, போடலைன்னு தெரிஞ்சுருமில்லீங்களா?”

அவ்வளவுதான். பேக்கிங் செக்‌ஷனில் கிடந்த பிளைவுட் துண்டில் நான்கு குழி போட்டோம்: கீ, வாஷர், நட், ஓரிங் என்ற ரப்பர் வளையம். நான்கையும் நிரப்பிவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும். மூடியை மாட்டும் முன் ஒரு குழியில் ஏதாவது மிச்சம் இருந்தால், நிறுத்திப் பார்க்க வேண்டும். கீ இல்லாத பம்பு என்ற புகார் அதோடு நின்றது.

ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற தொழிற்சாலைப் பொறியாளர் 1961-லேயே இதைச் செய்திருக்கிறார் என்று பின்னாளில் படித்தேன். ஒரு சின்ன ஸ்விட்சில் இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும். தொழிலாளர்கள் சில சமயம் மறந்துவிடுவார்கள். இரண்டையும் முதலில் ஒரு சிறு தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு ‘பாகா யோகே’ என்ற பெயர் இருந்தது. முட்டாள் செய்தாலும் தவறாதது என்று பொருள். ‘நான் என்ன முட்டாளா’ என்று ஒரு பெண் தொழிலாளி அழுதபிறகு, தவறு நேராமல் தடுப்பது என்ற பொருளில் ‘போகா யோகே’ என்று மாற்றினாராம். படித்ததும் என் மெமோதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பலகைக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. குழி நான்குதான் என்றாலும் லைனில் அதை ‘அஞ்சறை’ என்றார்கள். இரண்டாவது லைனுக்கும் வேண்டும் என்று சூப்பர்வைசர் எழுதி அனுப்பிய சீட்டிலும் அப்படியே இருந்தது: ‘அஞ்சறை - 6’.