கவிழ்ந்து படுத்த நாட்கள்

ஜூலை 4

கண் ஆபரேஷன் முடிந்து உம்மா கவிழ்ந்து படுத்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. நெற்றிக்கு ஒரு துண்டுச் சுருட்டு, தாடைக்கு ஒன்று, நடுவில் மூச்சுவிட இடம். மணிக்குப் பத்து நிமிஷம்தான் நிமிரலாம். கண்ணுக்குள் விட்டிருக்கிற வாயுக் குமிழ் பின்பக்கத்தை முட்டிக்கொண்டே நிற்க வேண்டுமாம், அப்போதுதான் கழன்ற விழித்திரை ஒட்டும். ஏழு நாள். சொட்டு மருந்துக்கு இரண்டு மணிக்கொரு அலாரம்.

தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். ‘பத்தமடை பாய்’ என்று கூகுளில் அடித்து ஆறு பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உம்மா நெய்கிற பாய்க்காக நான் கட்டிய தளம் எங்கேயும் இல்லை.

ஜூலை 5

இன்றும் இல்லை. உம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள், தலையைத் தூக்காமலே.

ஜூலை 6

சுபுஹு பாங்குக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். தளத்தின் பெயரையே அப்படியே அடித்தால்கூட வரவில்லை. பின்வரிசையில் இருப்பது வேறு, பட்டியலிலேயே இல்லாதது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. தளம் கூகுளில் எப்படி இருக்கிறதென்று காட்டும் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். ‘நோஇண்டெக்ஸ்’, அதாவது பட்டியலில் சேர்க்காதே என்ற குறி இருக்கிறது என்றது.

தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் வாசிப்புப் பக்கத்துக்குப் போனால் அடியில் ஒரு சின்னக் கட்டம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்கிற கட்டம். மார்ச்சில் வேலை தொடங்கியபோது, அரைகுறையாக யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று நானே போட்ட டிக். நாலு மாசம். இந்த நாலு மாசமும் பக்கத்தை வடிவமைக்கும் எலிமென்டாருக்குள் உட்கார்ந்து கட்டங்களை இழுத்து வைத்தேன், நிறம் மாற்றினேன், இடைவெளியை ஒவ்வொரு பிக்சலாகச் சரிசெய்தேன். அந்தத் திரையில் இந்த டிக் கண்ணில் படவே இல்லை. பக்கம் திறக்கிறது, படம் வருகிறது, அண்ணன் சவுதியிலிருந்து பார்த்துவிட்டு அழகா இருக்கு என்கிறான். கூகுள் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

டிக்கை எடுத்தேன். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கொடுத்தேன். முகப்புக்கும் கல்யாணப் பாய் பக்கத்துக்கும் இண்டெக்ஸ் கேட்டு, அதாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லி அழுத்தினேன்.

ஜூன் நடுவில் உம்மா சொன்னாள்: “கண்ணுல கொசு பறக்க மாதிரி இருக்கு, ஓரத்துல மின்னுது.” நெசவை ரெண்டு நாள் நிறுத்திவிட்டுத் தூங்கு என்றேன். அதோடு விட்டுவிட்டேன். திரை விழுந்த மாதிரி இருக்கு என்று அவள் சொன்ன பிறகுதான் ஓடினோம்.

ஜூலை 7

ஒருவர் போனில் பேசினார். முப்பது நாளில் முதல் பக்கம், முதல் இடம், உத்தரவாதம். பதினெட்டாயிரம் கேட்டார், பாதி முன்பணம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைச் சொன்னேன். வைத்துவிட்டார். பதினெட்டாயிரத்துக்கு உம்மா எத்தனை நாள் காலை மடக்கி உட்கார வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். கை நடுங்க வெகுநேரம் ஆத்திரமாக இருந்தது.

ஜூலை 8

மத்தியானம் உம்மா கேட்டாள்: “எப்பப் பாத்தாலும் அதையே தட்டிக்கிட்டு இருக்கியே, என்னதான் எழுதிருக்க? வாசி, கேப்போம்.”

முகப்புப் பக்கத்தை மேலிருந்து வாசித்தேன். “வரவேற்கிறோம். பாரம்பரியத்தின் பெருமை. தரமே எங்கள் தாரக மந்திரம். எங்களைப் பற்றி. மேலும் அறிய. எங்கள் படைப்புகள். இங்கே அழுத்தவும். வரவேற்கிறோம். பாரம்பரியத்தின் பெருமை.”

“ரெண்டு தடவ வாசிக்கிய.”

ரெண்டு தடவைதான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டம், போனுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகச் செய்து, ஒன்றை அங்கேயும் மற்றதை இங்கேயும் மறைத்து வைத்திருந்தேன். மறைத்தாலும் பக்கத்துக்குள் ரெண்டும் இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்துக்கு அடியிலிருக்கிற மூல எழுத்தை எடுத்து வாசித்ததால் எனக்கு வந்தது.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துண்டுக்குள்ளிருந்து கேட்டாள்: “ஏளா, இதுல பாய் எங்க இருக்கு?”

பாய் படத்தில் இருந்தது. ‘பத்தமடைக் கோரைப் பாய்’ என்ற வார்த்தையே கேன்வா என்ற பட வடிவமைப்புச் செயலியில் செய்த பேனருக்குள் படமாக இருந்தது. எழுத்தாக எங்கேயும் இல்லை. கண்ணால் பார்ப்பவர்களுக்காக மட்டும் கட்டிய பக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

“வாங்க வாரவன் என்ன கேப்பான்? எத்தன அடி, எத்தன நாள் ஆகும், பேரு போடுவியளா, மடிக்கலாமா சுருட்டணுமான்னு கேப்பான். அத எழுது.”

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். தாமிரபரணிக் கரைக் கோரை. வெட்டிக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊதினதும் எடுத்து மறுபடி காயவைத்து, நார் நாராகக் கிழிப்பது. சாதாப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் பாவு நூல் கணக்கில் உள்ள வித்தியாசம், பட்டுப்பாய் என்றால் நூறுக்கு மேல் போகும் என்பது. மாப்பிள்ளை பொண்ணு பெயரை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், நெய்யத் தொடங்கிய பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்பது. கடைசியில் சொன்னாள்: “நல்ல பட்டுப்பாய சேலை மாதிரி மடிக்கலாம். இத மொதல்ல போடு.” மொதல்ல போட்டேன்.

பத்து நிமிஷ இடைவேளை வந்ததும் அவளை நிமிர்த்தி முதுகைத் தேய்த்துவிட்டேன். கன்னத்தில் துண்டின் கோடு பதிந்து கிடந்தது.

ஜூலை 9

பக்கத்தை உடைத்துத் திரும்பக் கட்டினேன். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏழு இடத்தில் ஹெச்1 என்கிற முதன்மைத் தலைப்புக் குறி வைத்திருந்தேன். கூகுளுக்கு அது பெரிய குற்றமில்லைதான். ஆனால் ஏழும் தலைப்பு என்றால் எதுவும் தலைப்பு இல்லை. ஒன்றை மட்டும் வைத்தேன்: ‘பத்தமடைக் கோரைப் பாய், தறியிலிருந்து நேராக’. மற்றதெல்லாம் ஹெச்2, துணைத் தலைப்பு. அளவை வேண்டுமானால் ஸ்டைலில் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதற்கு வேறு கட்டம் இருக்கிறது. ‘இங்கே அழுத்தவும்’ எல்லாம் போய்விட்டது. இப்போது ‘பெயர் நெய்த கல்யாணப் பாய்’, ‘தொழுகைப் பாய்’, ‘விலையும் அளவும்’ என்று அந்தந்தப் பக்கத்தின் பெயரே இணைப்பு. மறைத்து வைத்திருந்த இரட்டைக் கட்டங்களையும் அழித்தேன். கூகுள் இப்போது போன் வடிவத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது, ஒரே கட்டம் போதும்.

பெரியம்மா வந்து தறியில் விட்டுப்போன பாயைப் பார்த்துவிட்டுப் போனாள். தொடவில்லை. ஒருத்தி நெய்ததில் இன்னொருத்தி கை வைத்தால் இறுக்கம் மாறிவிடும், கோடு தெரியும்.

ஜூலை 10

ஏழாம் நாள். ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 12

பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்: மொபைலில் நூற்றுக்கு 31. முதல் பெரிய படம் வந்து சேர 9.1 வினாடி. 2.5-க்குள் வந்தால்தான் நல்லது என்கிறார்கள்.

படங்கள்தான் காரணம். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன், ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. 1200 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி வடிவத்தில் மாற்றினேன். கோரையின் இழை தெரியாமல் போய்விடுமோ என்று பயம். பெரிதாக்கிப் பார்த்தேன், தெரிகிறது. ஒன்று 140 கேபி. அடுத்து, மேலே இருக்கிற படம் மெல்ல மிதந்து வருகிற மாதிரி அனிமேஷன் வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் முழுக்க இறங்கி முடியும்வரை அந்தப் படம் மறைந்தே நிற்கும், வந்தவர் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆசையாக வைத்தது. எடுத்துவிட்டேன். அதே படத்துக்கு லேஸி லோடையும், அதாவது படத்தைத் தாமதமாக இறக்குவதையும் நிறுத்தினேன். ஸ்லைடரும் போயிற்று, நாலு எழுத்துரு ஒன்றாகிவிட்டது.

இப்போது 3.4.

இன்னும் 0.9 எங்கே இருக்கிறது என்று தேடி விடிந்துவிட்டது. இது சோதனை எண்தான். நிஜமாக வருகிறவர்களின் கணக்கு 28 நாள் சேர்த்துப் பார்ப்பது, அதற்கும் போதுமான ஆள் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது காலியாகவே காட்டுகிறது.

ஜூலை 13

படங்களுக்கு ஆல்ட் எழுத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு. எல்லாவற்றிலும் ‘ஐஎம்ஜி’ போட்டு ஒரு எண் இருந்தது. “இது எந்தப் பாய்னு எழுதணும்மா” என்று உம்மாவிடம் சொன்னேன். இப்போது நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் அந்தக் கண்ணில் இன்னும் பார்வை இல்லை, மற்ற கண் ஏற்கெனவே மங்கல். பீரோவிலிருந்து ஒவ்வொரு பாயாக எடுத்து மடியில் வைத்தேன்.

விரலை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுபோனாள். “இது கரை. சாயம் ஏத்துன கோரை கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும்.” இன்னும் உள்ளே போய் நின்றாள். நகத்தால் ஒரு இடத்தைத் தடவினாள். “இங்க பாவு நூலு ஒண்ணு அறுந்து முடிச்சுப் போட்டேன். மழையன்னிக்கு.” நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு எனக்குத் தெரியவில்லை. என் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். இருந்தது, கடுகைவிடச் சின்னதாக.

எழுதினது: ‘நடுவில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய், இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கரை’. படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். ஒரே வார்த்தையை எல்லாப் படத்திலும் திணிப்பவர்களைப் பார்த்தேன். பார்வை இல்லாதவர்களுக்குக் கருவி வாசித்துக் காட்டுவதும் அதே எழுத்துதான். பதினாலு தடவை ‘பத்தமடை பாய் விலை, பத்தமடை பாய் விலை’ என்று கேட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஜூலை 15

பக்க முகவரியைத் தமிழில் வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீள்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தில் வெட்டிவிடும், அதாவது இருபத்திரண்டு குறிதான் தேறும், புள்ளியும் கொம்பும் சேர்த்து. ‘பெயர் நெய்த கல்யாணப் பாய்’ கடைசிப் புள்ளி அறுந்து கிடந்தது. ஆங்கில எழுத்தில் சின்னதாக மாற்றினேன்.

மாற்றியதும் அண்ணன் ஜமாஅத் குரூப்பில் போட்டிருந்த பழைய இணைப்பு செத்துப்போய்விட்டது. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் 301 போட்டுத் திருப்பிவிட்டேன்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ‘டி’ இரண்டு போட்டுத் தேடுகிறவர்கள் உண்டு, ‘டி-ஹெச்’ போட்டுத் தேடுகிறவர்கள் உண்டு. உள்ளே ஒவ்வொரு இடத்தில் இரண்டையும் இயல்பாக எழுதினேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. ஆவணிக் கல்யாணத்துக்குப் பாய் கேட்பவர்கள் இப்போதே தேட ஆரம்பித்திருப்பார்கள்.

முகப்பு இண்டெக்ஸ் ஆகிவிட்டது. கல்யாணப் பாய் பக்கம்: ‘கண்டறியப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை.’ தெரியும், ஆனால் வரவில்லை. திரும்பத் திரும்பக் கோரிக்கை அழுத்துவதால் எதுவும் வேகமாகாது. இருந்தும் அழுத்தினேன்.

ஜூலை 19

யாருக்காக இதெல்லாம். வியாபாரி வந்தார், பழைய விலையே சொன்னார், மூன்று பாயை எடுத்துப் போனார். உம்மா கைநீட்டிப் பணத்தைத் தடவி எண்ணினாள்.

ஜூலை 22

கண்ணுக்குள் ஒரு கோடு தெரிகிறதாம். “தம்ளர்ல தண்ணி நிக்க மாதிரி. தலைய ஆட்டுனா ஆடுது.” கோட்டுக்கு மேலே வெளிச்சம், நிழல். குமிழ் கரையக் கரையக் கோடு இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். எங்க இருக்கும்மா? மூக்குக்கு நேரா. நேத்து? கொஞ்சம் மேல.

ஜூலை 23

கல்யாணப் பாய் பக்கம் இண்டெக்ஸ் ஆகிவிட்டது!

ஜூலை 25

சர்ச் கன்சோலில் முழுக் கணக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். இன்று வந்தது. தேடியவர்களுக்கு எங்கள் பக்கத்தைப் பதினொரு தடவை காட்டியிருக்கிறது, ஒரு கிளிக். சராசரி இடம் 23. நான் தலைகீழாக நின்று எழுதிய ‘பத்தமடை பாய்’ என்பதற்கு அல்ல. ‘பேர் போட்ட பாய் மடிக்கலாமா’ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அதற்கு. அந்த வரியை உம்மாவிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினேன்.

“யாரு கேட்டா?”

தெரியாதும்மா, அது சொல்லாது.

“பதில் போச்சா?”

போச்சு.

கோடு உதட்டுக்கு நேராக வந்துவிட்டதாம். என் முகத்தின் மேல்பாதி தெரிகிறது என்றாள். புருவம் பிடுங்கியிருக்கியா என்று கேட்டாள்.

ஜூலை 27

அஸருக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. தளத்தில் பார்த்தாராம். ஆவணி கடைசியில் கல்யாணம், மாப்பிள்ளை பெயர் நீளம், ஒரே வரியில் வருமா என்று கேட்கிறார். எழுத்தை எண்ணிச் சொன்னேன். உம்மா நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து சாண் போட ஆரம்பித்தாள். ஒரு சாண், ரெண்டு. நடுவில் நிறுத்தி, பொண்ணு பேரு என்னன்னு கேளு என்றாள். கேட்டிருக்கிறேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.