நோயை எடுக்கத் தெரிந்தவனுக்கு அனுப்பவும் தெரியும்

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடிப் பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக ஆட்டத்துக்கு நான்தான் கதைசொல்லி. அந்த உலகத்தின் ஊர்கள், அரசர்கள், சாமிகள் எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்த ஆள் கிளெரிக், அதாவது மந்திரத்தால் வைத்தியம் பார்க்கும் பூசாரி. கையை வைப்பார், காயம் ஆறிவிடும். மற்றவர்கள் அவரை நடமாடும் மருந்துப்பெட்டி போல இழுத்துக்கொண்டு திரிவார்கள். சாகக் கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்கிற ஒருவரிடம் ஊரில் யாருக்கும் பயமே இல்லை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

இந்த வகை ஆட்டங்களில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய விதிகளில் அந்தப் பயத்துக்கு இடம் இருந்தது. 1978-ல் வந்த விதிநூலில், காயம் ஆற்றும் மந்திரத்தைத் தலைகீழாகச் சொன்னால் அதுவே காயம் உண்டாக்கும். பிறகு இரண்டையும் தனித்தனி மந்திரங்களாகப் பிரித்துவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் சரி என்று படுகிறது.

என் பூசாரிகளுக்கு முன்மாதிரியைப் பழைய எகிப்திலிருந்து எடுத்தேன். அங்கே செக்மெத் என்று ஒரு தெய்வம், பெண்சிங்கத்தின் தலையோடு இருப்பாள். கொள்ளைநோயை ஏவுகிறவளும் அவள்தான், விலக்குகிறவளும் அவள்தான். தன்னை எதிர்த்த மனிதர்களை அழிக்கச் சூரியக் கடவுளான ரா அனுப்பிய தேவி செக்மெத்தாகி வெறியாட்டம் ஆடினாள். ராவே மனம் மாறிய பிறகும் அவளை நிறுத்த முடியவில்லை. கடைசியில் 7,000 ஜாடி பியரைச் சிவப்பாக்கி வயலெல்லாம் ஊற்றினார்கள். இரத்தம் என்று நினைத்துக் குடித்து அவள் மயங்கியதால்தான் மிச்சமிருந்தவர்கள் பிழைத்தார்கள். இப்படிப்பட்டவளுக்குப் பூசை செய்கிறவர்கள்தான் வைத்தியமும் பார்த்தார்கள்! கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்டு, இப்போது ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருக்கும் எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, உடம்பில் விரல் வைத்து இதயத்தின் பேச்சைக் கேட்பவர்கள் என்று மூன்று பேரைச் சொல்கிறது: மருத்துவர், செக்மெத்தின் பூசாரி, மந்திரவாதி. பலி மாட்டைச் சோதித்துச் சுத்தமானது என்று சொல்வதும் இந்தப் பூசாரிகளின் வேலை. வருடத்தின் கடைசி ஐந்து நாட்களில் செக்மெத்தின் தூதர்கள் நோயோடு அலைவார்கள் என்று பயந்து, மந்திரம் சொல்லி முடிச்சுப் போட்ட துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள் மக்கள். எகிப்திய அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் அவளுக்கு நூற்றுக்கணக்கில் கற்சிலைகள் வைத்தார். பக்தியா, பயமா? இரண்டும்தான் என்பது என் கட்சி.

அந்த முடிச்சுத் துணியைத்தான் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டேன். என் உலகத்தில் நோய் அழியாது, இடம் மாறும், அவ்வளவுதான். ஒருவரின் காய்ச்சலைப் பூசாரி எடுத்தால், பூசாரியின் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சு விழும். முடிச்சை அவிழ்த்தால் காய்ச்சல் எதிரில் நிற்பவனுக்கு. அதனால் ஊருக்குள் அவர் வந்தால் முதல் மரியாதை உண்டு, நல்ல சோறு உண்டு. ஆனால் யாரும் எதிரில் உட்கார மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள். போன பிறகு திண்ணையைக் கழுவிவிடுவார்கள்.

“இது நம்ம மாரியாத்தா மாதிரில்ல இருக்கு” என்றான் ஆடுபவர்களில் ஒருவன். அம்மை போடுகிறவளும் இறக்குகிறவளும் ஒருத்தியே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. இன்னொருவன் ஆட்டத்தில் ஏற்றிருக்கும் வீரன், கால் முறிந்தும் பூசாரியைத் தொடவிடாமல் நொண்டிக்கொண்டே நடக்கிறான். “என் வலியை அந்த ஆள் இடுப்புல கட்டிட்டுச் சுத்துறதா?” என்கிறான். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அப்புறம் அவனே கேட்டான், அந்தப் பூசாரி செத்தால் கயிறு யாருக்குப் போகும் என்று. அதை நான் யோசித்திருக்கவில்லை. இப்போது பூசாரிக்கு வயதாக்கிவிட்டேன். கயிற்றைக் கேட்டுப் பக்கத்து நாட்டுப் படைத்தளபதி ஆள் அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆட்டம் அங்கிருந்துதான்.