கிகாவாட்டா, கிகாவாட்-மணியா?

எரிசக்தித் திட்ட அறிக்கை எதுவானாலும் முடிவுரையை ஒதுக்கிவிட்டு, அனுமானங்களின் அட்டவணையை முதலில் பார்க்க வேண்டும். கிகாவாட் என்பது ஒரு கணத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்ற திறன்; கிகாவாட்-மணி என்பது அதை நேரத்தோடு பெருக்கி வரும் மொத்த ஆற்றல். சூரியசக்தித் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு இதைப் புரியவைக்க மார்க் ஜேக்கப்சன் சர்ச்சை போதும்.

காற்று, நீர், சூரியஒளியைக் கொண்டே அமெரிக்காவின் எரிசக்தித் தேவை முழுவதையும் நிறைவு செய்யலாம் என்று இந்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் 2015இல் எழுதினார். அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் போன்றோரின் கொள்கைக்கு அவரது ஆய்வுகள் வலுச்சேர்த்தன. 2017இல் கிறிஸ்டோஃபர் கிளாக் உள்ளிட்ட 21 பேர் மறுப்பு வெளியிட்டார்கள்.

மோதல் நீர்மின்சாரத்தில்தான். ஜேக்கப்சனின் அட்டவணையில் இருந்த நீர்மின் திறன் சுமார் 87 கிகாவாட். அவரது கணினி மாதிரியின் வரைபடத்திலோ சில மணிநேரம் 1,300 கிகாவாட்டுக்கு மேல் பாய்ந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் நீர் மாறாது, டர்பைன்களை மட்டும் கூட்டினால் போதும் என்றார் ஜேக்கப்சன். ஆற்றலின் கணக்கு அதில் சரிவரும். ஆனால் டர்பைன் கூடினால் அணையிலிருந்து நீர் இறங்கும் குழாயும் பெருக்க வேண்டும். அவ்வளவு நீரும் ஒரே சமயத்தில் திறந்தால் கீழே ஆறு தாங்குமா? அதுதான் நடைமுறைச் சிக்கல். மறுப்பை எதிர்த்து ஜேக்கப்சன் 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2018இல் திரும்பப் பெற்றார். நீதிமன்றம் போனது தவறு என்றே நினைக்கிறேன். அதே சமயம், 30 விநாடிக்கு ஒருமுறை தேவையையும் உற்பத்தியையும் பொருத்திப் பார்த்த அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட மனம் வரவில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு சுமார் 1,580 கிலோவாட்-மணி வெயில் விழுகிறது. வெப்பம், வயர், இன்வெர்ட்டர் இழப்புகள் போக 1 கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 கிலோவாட்-மணி தரும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கூரையில் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை இவற்றின் நிழல் விழும் இடத்தைக் கழிக்காமல் போட்ட கணக்கு தளத்தில் நிற்காது. 2030க்குள் 2 கிகாவாட் சூரியசக்தி என்று வைத்திருந்த இலக்கு அந்த ஆண்டின் மின்தேவையில் சுமார் 3 சதவீதம்தான். மேகம் கடந்தால் சில நிமிடங்களில் உற்பத்தி சரியும். அதற்காகத்தான் 2023இல் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி பேட்டரி திறந்தார்கள். முழுத்திறனான 200 மெகாவாட்டில் ஓடினால் அது ஒன்றரை மணிநேரம்கூட நிற்காது. இரவு முழுவதற்கும் அது போதும் என்று யாராவது சொன்னால், அலகை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

2022இல் லாவோஸிலிருந்து 100 மெகாவாட் வரை நீர்மின்சாரம் வரத் தொடங்கியபோதும் இதே கேள்வி பொருந்தியது: கோடையில் அணை வற்றும் மாதங்களில், எந்த மணியில், எத்தனை மெகாவாட்?