ஒரு புள்ளியும் 79 வருஷமும்

கீழக்கரையில் நாங்கள் நாலு பேர் பழைய மீசான் கற்களையும் (முஸ்லிம் அடக்கத்தலத்தில் தலைமாட்டில் நடும் கல்) வீட்டுப் பத்திரங்களையும் படம் எடுத்து வைக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. 63 கல், 18 பத்திரம் முடிந்திருக்கிறது. வம்சாவளி என்று பார்த்தால் ஏறக்குறைய முழுசாகத் தேறியது ஒன்றுதான். அது எப்படித் தேறியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அது என் உம்மா வழிக் குடும்பம். கையில் இருந்தது பெரிய மாமா ஒருவர் எழுதி வைத்த பழைய நோட்டு. பாட்டனார், அவர் மகன்கள், அவர்களுடைய மகன்கள் என்று ஆண்கள் பெயராகவே போகும். பெண்கள் வர வேண்டிய இடத்தில் ‘பெண் மக்கள் மூவர்’ என்று ஒரே வரி. பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் வழக்கம் வேறு இருக்கிறதே, அதனால் ஒரே பெயரில் மூன்று பேர். கொழும்பில் கடை வைத்திருந்தவர் யார், இங்கே அடங்கியிருப்பவர் யார் என்று நோட்டை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

சரி, கல்லைப் பார்ப்போம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டு மையவாடிக்கு (அடக்கத்தலத்துக்கு) போனோம். உப்புக்காற்று பட்டுப் பட்டுக் கல்லின் மேல்தோல் பொரிந்து கிடந்தது. முதல் நாள் தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தேன். கையில் வெள்ளைத் தூள் ஒட்டியது. அழுக்கு போகிறது என்றுதான் நினைத்தேன். கூட வந்த காக்கா (அண்ணன்) கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தத் தூள் அழுக்கு இல்லை, கல்லேதான். எழுத்தின் ஓரத்தைத்தான் நான் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதற்கப்புறம் நல்ல தண்ணீரும் மெத்தென்ற பெயின்ட் பிரஷும் மட்டும்தான். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் கூடாது. சுண்ணாம்புக்கல்லை அவை கரைத்துவிடும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தடவுவதும் வேண்டாம்.

எழுத்தைக் காட்டுவது வெளிச்சம்தான். உச்சி வெயிலில் ஒன்றுமே தெரியாத கல், அஸர் தொழுகை நேரத்து, சாயங்காலச் சாய்ந்த வெயிலில் பேசத் தொடங்கும். வெயில் படாத பக்கத்துக்கு ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் அடிக்க, இன்னொருவர் போனில் படம் எடுப்போம்.

அப்படித்தான் எங்கள் குடும்பத்துக் கல்லில் பெயர் வந்தது, ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டும் வந்தது. ஒன்று, இரண்டு, ஒன்பது. அரபு எண்ணில் பூஜ்ஜியம் என்பது வெறும் புள்ளி. கல்லில் இரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு குழி, ஒன்பதுக்கு அப்புறமும் ஒரு குழி. முதல் குழி புள்ளி என்றால் 1209, இரண்டாவது என்றால் 1290. ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து வருவதை அதிலிருந்தே கழித்து, 622ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும். 1209 என்றால் 1794, 1290 என்றால் 1873. ஒரு புள்ளியில் 79 வருஷம் தொங்கிக்கொண்டு நின்றது.

இரவில் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தோம். இரண்டாவது குழியின் விளிம்பு உருண்டையாக, உளி பட்டது போல இருந்தது. முதல் குழி கோணல் மாணலாக இருந்தது. இருந்தாலும் குழியின் விளிம்பை மட்டும் நம்பி வருஷத்தை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

விடை வீட்டுக்குள் இருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படியானால் வீடு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பிடித்தால் பெண்வழி முழுக்கக் கிடைத்துவிடும் அல்லவா? இது எங்களுக்குத் தோன்றவே நாலு மாதம் ஆனது. 84 வயதுப் பெரியம்மாவிடம் அதுவரை “உங்க பாட்டனார் பேர் என்ன?” என்றே கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் தடுமாறுவார். “இந்த வீடு உங்களுக்கு முன்னாடி யாருது?” என்றேன். விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்: “எனக்கு எங்க உம்மா குடுத்தது, வாப்பா. அவுகளுக்கு அவுக உம்மா. அவுகளுக்கு அவுக உம்மா. அந்த உம்மாவுக்கு அவுக வாப்பா கட்டிக் குடுத்தது.” பெயர்களையும் ஒன்று விடாமல் சொன்னார்.

பத்திரம் தகரப்பெட்டியில் துணியில் சுற்றி இருந்தது. எட்டாக மடித்த தாள், மடிப்பில் எல்லாம் விரிசல். எப்போதோ ஒட்டிய செல்லோடேப் காய்ந்து பழுப்பாகக் கறை விட்டிருந்தது. அதைப் பிய்த்தால் எழுத்தும் கூட வரும் என்பதால் தொடவில்லை. மெதுவாகப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடிப் பலகை வைத்து நாலு நாள் விட்டோம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் படம். (லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். வேறொரு வீட்டில் அப்படிச் செய்த பத்திரம் உள்ளே ஈரம் பிடித்துக் கறுத்துவிட்டது. இனி அதைப் பிரிக்க வழியில்லை.)

பிரஜோற்பத்தி வருஷம், மாசி மாதம் என்று இருந்தது. இந்தப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆனால் பின்பக்கம் ரிஜிஸ்தர் முத்திரைக்குக் கீழே ஆங்கிலத் தேதியும் இருந்தது: 1872. ‘என் குமாரத்தியாகிய உனக்கு’ என்று தொடங்கி வீட்டை எழுதிக் கொடுத்திருப்பவர், கல்லில் இருக்கும் அதே ஆள். தகப்பனார் பெயரும் பொருந்தியது. 1872இல் கையெழுத்துப் போட்டவர் 1794இல் இறந்திருக்க முடியாது. அப்படியென்றால் 1290தான். வீட்டைக் கொடுத்த மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ மவுத்தாகியிருக்கிறார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை அவர் பார்க்கவில்லை.

எங்களோடு இருக்கும் பாம்பன் நண்பருக்கு இந்த வழி உதவாது. அவர் குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் வீடும் போய்ப் பெட்டியும் போய்விட்டது. அங்கே இப்போது நிற்பவை தேவாலயத்தின் பவளக்கல் சுவர் போன்ற இடிபாடுகள்தான். அவருக்காகப் பெரியவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். பாம்பன் பக்கத்துத் திருமுழுக்குப் பதிவேடுகளில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும் என்பதால், அனுமதி கிடைத்ததும் அதையும் பார்க்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மாமாவின் நோட்டைத் திறந்து, ‘பெண் மக்கள் மூவர்’ என்ற வரிக்குக் கீழே தனித்தாள் வைத்து எழுதினோம். வீட்டைப் பெற்ற மகள் பெயர் பத்திரத்தில் இருந்தது. அடுத்தவர் பெயர், நான்கு எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்தது. மூன்றாமவர் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அவர் வழி வந்த ராத்தா (அக்கா) ஒருவர் காயல்பட்டினத்தில் இருக்கிறார். அவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.